பழைய திகில் படங்களில் சொல்லாமல் சொன்ன காதல்: உங்களுக்குப் பிடித்தவை எவை?

இரவுக்காட்சி

சில வாரங்களாக 1930களின் திகில் படங்களை வரிசையாக மறுபடி பார்த்து வருகிறேன். சின்ன வயதில் பார்த்தபோது மின்னல், கோட்டை, சவப்பெட்டி இவைதான் கண்ணில் பட்டன. இப்போது வேறொன்று விடாமல் தெரிகிறது. ஆணுக்கு ஆண்மீதும் பெண்ணுக்குப் பெண்மீதும் உள்ள ஈர்ப்பு, ஒரு சொல்கூட வெளியே வராமல், படத்தின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எனக்கு முதல் இடம் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'தி ஓல்ட் டார்க் ஹவுஸ்' (1932). அடைமழையில் வழி தெரியாமல் போன சிலர் ஒரு பாழடைந்த வீட்டில் ஒதுங்குகிறார்கள். அங்கே மார்கன் என்று ஒரு வேலைக்காரன். போரிஸ் கார்லாஃப்தான். பேச்சு வராது, குடித்தால் வெறி பிடிக்கும். படம் முழுக்க அவனைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மாடியில் பூட்டிவைத்திருக்கும் சால் என்ற பைத்தியக்காரனை அவன்தான் திறந்துவிடுகிறான். சண்டையில் சால் விழுந்து இறந்துபோகிறான். அப்போது மார்கன் வருகிறான். உடலை வாரி அணைத்துக்கொண்டு அழுகிறான். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போகிறான். அவ்வளவுதான். இருவருக்கும் இடையில் என்ன இருந்தது என்று படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அந்தப் படத்தில் காதலர்களும் இருக்கிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள். அதெல்லாம் எனக்கு நினைவில் நிற்கவில்லை. மார்கனின் அழுகைதான் நிற்கிறது. அதிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தத் திகில் படம் பார்த்தாலும், யாருடைய துக்கத்துக்குப் பக்கத்தில் கேமரா போகிறது என்று பார்ப்பேன். கதை யாரை நல்லவர் என்கிறது என்பது வேறு, படம் யாரோடு இருக்கிறது என்பது வேறு.

உங்களுக்குப் பிடித்த படங்களைச் சொல்லுங்கள். காட்சியோடு சொன்னால் இன்னும் நல்லது.

பழையரீல்

நல்ல இழை. வேல் என்றால் நான் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1935) பக்கம்தான். அதில் இரண்டு காட்சிகள்.

முதலாவது, டாக்டர் பிரிட்டோரியஸ் வரும் காட்சி. எர்னஸ்ட் தெசிஜர் நடித்தது. ஹென்றி ஃபிராங்கன்ஸ்டைன் பட்ட காயத்திலிருந்து தேறிக்கொண்டிருக்கிறான், எலிசபெத் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாள். இரவில் கதவு தட்டப்படுகிறது. வந்தவர் ஹென்றியின் பழைய ஆசிரியர். தனியாகப் பேச வேண்டும் என்கிறார். எலிசபெத் வெளியே, இவர்கள் உள்ளே. அப்புறம் ஹென்றி எழுந்து அவரோடு கிளம்பியே போய்விடுகிறான். பெண் இல்லாமல் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஓர் உயிரை உண்டாக்கப் போகிறார்கள் என்பதுதான் படத்தின் கதையே. இதற்கு மேல் உள்ளோட்டம் தேட வேண்டியதில்லை, மேலேயே இருக்கிறது.

இரண்டாவது, பார்வையற்ற துறவியின் குடிசை. ஹென்றி முன்பு உண்டாக்கிய, ஊரே விரட்டும் உருவம் வயலின் சத்தத்தைக் கேட்டு உள்ளே வருகிறது. துறவிக்குக் கண் தெரியாததால் பயமில்லை. சூப்பு கொடுக்கிறார், படுக்க வைக்கிறார், தனக்கொரு துணை வேண்டும் என்று எத்தனையோ நாள் வேண்டிக்கொண்டதாகச் சொல்லி அழுகிறார். அந்த உருவம் அவர் தோளைத் தட்டிக்கொடுக்கிறது. அதன் கன்னத்தில் கண்ணீர். திரை இருளும்போது சுவரில் உள்ள சிலுவை மட்டும் கடைசிவரை ஒளிர்கிறது. பிறகு இருவரும் ரொட்டி, ஒயின், சுருட்டு என்று ஒரு வீட்டில் வாழ்பவர்களைப் போலவே இருக்கிறார்கள். துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்து, இது என்ன தெரியுமா என்று துறவியிடம் சொல்லும் வரைக்கும்தான் அது. அடுத்த நிமிடம் வீடு பற்றி எரிகிறது.

வேல் தன்பாலீர்ப்பாளர் என்பது ஹாலிவுட்டில் அந்தக் காலத்திலேயே பலருக்குத் தெரியும். தயாரிப்பாளர் டேவிட் லூயிஸுடன் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் குடிசைக் காட்சியைப் பார்க்கும்போது என்னால் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

மறுபக்கம்

எதிர்க்கருத்து சொல்ல வந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் படங்கள் எனக்கும் உயிர்.

துறவி கேட்டது நட்பு. அந்த உருவமும் அதைத்தான் சொல்கிறது: தனிமை கெட்டது, நண்பன் நல்லது. நட்பை நட்பாக விடுவோமே. இரண்டு ஆண்கள் ஒரு குடிசையில் சேர்ந்து அழுதாலே அது காதல்தான் என்றால், ஆண்களுக்குள் இருக்கும் மற்ற எல்லா அன்புக்கும் என்ன பெயர் வைப்பது?

அப்புறம், இயக்குநர் வேலோடு நன்றாகப் பழகியவர்களே இதை ஏற்கவில்லை. லூயிஸ், வேலின் பால்விருப்பத்துக்கும் அவர் எடுத்த படங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்கிறார். வேலின் நண்பரான இயக்குநர் கர்டிஸ் ஹாரிங்டனும், அந்த உருவத்தைத் தன்பாலீர்ப்பின் குறியீடாகப் பார்ப்பது பின்னால் வந்த விமர்சகர்களின் பார்வை, வேல் அப்படி நினைத்திருக்கவே மாட்டார் என்றார். கூடவே இருந்தவர்கள் சொன்னதற்கு மேல் நமக்கு என்ன தெரியும்?

தாழ்வாரம்

@மறுபக்கம், நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

சங்கப் பாட்டில் உள்ளுறை என்று படித்திருப்போம். நண்டையும் நாரையையும் பாடிக்கொண்டிருப்பார்கள், தலைவன் செய்த காரியம் அதற்குள் இருக்கும். அங்கே அது அழகுக்காக, நாகரிகத்துக்காக. ஹாலிவுட்டில் அது கட்டாயம். 1930இல் எழுதப்பட்ட தணிக்கை விதிகள் 1934 நடுவிலிருந்து கண்டிப்பாக அமலுக்கு வந்தன. அவற்றில் 'பாலியல் பிறழ்வு' என்று அவர்கள் பெயர் வைத்ததை மட்டுமல்ல, அதன் சாடையைக்கூடக் காட்டக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். சாடைக்கே தடை போட்டார்கள் என்றால், சாடையாகச் சொல்லும் பழக்கம் இருந்தது, அதைப் புரிந்துகொள்ளும் ஆட்களும் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்.

'டிராகுலாஸ் டாட்டர்' (1936) பாருங்கள். தணிக்கை அலுவலகத்துக்கும் ஸ்டுடியோவுக்கும் கடிதப் போக்குவரத்தே நடந்தது. டிராகுலாவின் மகளான கோமகள் ஸலெஸ்கா, ஓவியத்துக்கு மாடலாக நிற்க லில்லி என்ற ஏழைப் பெண்ணை வரவழைக்கும் காட்சியில் பெண்ணுக்குப் பெண்மீது ஆசை என்ற எண்ணமே வரக் கூடாது என்று தணிக்கைத் தலைவர் ஜோசப் பிரீனின் அலுவலகம் வலியுறுத்தியது. ஆக, இந்த உள்ளோட்டத்தை முதலில் பார்த்தவர்கள் பின்னால் வந்த விமர்சகர்கள் இல்லை. தணிக்கைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள், 1936லேயே.

பார்த்தும் தடுக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. அந்தக் காட்சியை அவ்வளவு மெதுவாக எடுத்திருக்கிறார்கள். லில்லி அடுப்பருகே நின்று ரவிக்கையின் வாரைத் தோளிலிருந்து இறக்குகிறாள். ஸலெஸ்கா பார்க்கிறாள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள், நான் சரிப்பட மாட்டேனா என்று லில்லி கேட்கிறாள். ஸலெஸ்கா ஆளை மயக்கும் மோதிரத்தோடு நெருங்குகிறாள், கேமரா மேலே போய்ச் சுவரில் மாட்டிய முகமூடியில் நிற்கிறது, அலறல் மட்டும் கேட்கிறது.

ஆனால் எனக்குப் பெரிய காட்சி அது இல்லை. அதற்கு முன்பே ஸலெஸ்கா தன் தந்தையின் உடலை எரித்துவிட்டு, இனி நான் மற்றவர்களைப் போல இருக்கலாம் என்று நம்பிப் பியானோ வாசிக்கிறாளே, அதுதான். தாலாட்டுப் போல ஒரு மெட்டு. மாலை நேரம், அமைதி என்று ஒவ்வொன்றாக நினைத்துச் சொல்கிறாள். அவள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் வேலைக்காரன் ஸாண்டோர் பக்கத்தில் நின்று ஓர் இருட்டான பதில் சொல்கிறான். மெட்டு அவள் கையிலேயே மாறிப்போகிறது. மாற வேண்டும் என்று ஒருத்தி அவ்வளவு ஆசைப்படுவதும், அவள் விரல் அதற்கு ஒத்துழைக்காததும். குளோரியா ஹோல்டனின் முகம் அந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். @இரவுக்காட்சி சொன்ன கேமரா விஷயம் இதற்கு அப்படியே பொருந்தும்.

காட்டேரிநேசன்

சுருக்கமாக இரண்டு.

'டிராகுலா' (1931) திரைக்கதைப் பிரதியிலேயே, டிராகுலா பெண்களைத்தான் நாட வேண்டும், ஆண்களை அல்ல என்று தயாரிப்பாளர் கார்ல் லெம்லி ஜூனியர் குறித்து வைத்தார். ஆனாலும் படத்தில் என்ன நடக்கிறது? மயங்கி விழுந்த விருந்தாளி ரென்ஃபீல்டை நோக்கி மூன்று மனைவியரும் வருகிறார்கள். டிராகுலா கையசைத்து அவர்களை விலக்கிவிட்டுத் தானே குனிகிறான். அந்த ஓர் அசைவு போதும்.

'நோஸ்ஃபெராட்டு' (1922) இன்னும் நேரடி. ரொட்டி வெட்டும்போது கோட்டைக்கு வந்த ஹுட்டரின் விரலில் ரத்தம் வருகிறது, காட்டேரி ஓர்லோக் அந்தக் கையைப் பற்றி உறிஞ்சப் பார்க்கிறான். பிறகு ஓர் இரவு அறைக்கே வருகிறான். அங்கே எங்கோ தொலைவில் ஹுட்டரின் மனைவி எல்லன் தூக்கத்தில் எழுந்து கத்த, ஓர்லோக் திரும்பிப் பார்க்கிறான். ஓர் ஆணின் படுக்கையருகே நின்றுகொண்டு மனைவியின் குரலுக்குத் திரும்பும் அந்த உருவம். இயக்கிய முர்னாவும் தன்பாலீர்ப்பாளர். ஆண்களுக்கிடையிலான உறவுக்குச் சிறைத்தண்டனை உண்டு என்ற 175ஆம் சட்டப்பிரிவு ஜெர்மனியில் அமலில் இருந்த காலம் அது.

பூனைநடை

எல்லோரும் ஆண்களையே பேசுகிறீர்கள். தாழ்வாரத்துக்கு நன்றி.

'கேட் பீப்பிள்' (1942). ஆசை வந்தால் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று அஞ்சும் ஐரீனாவின் கல்யாண விருந்து. உணவகத்தில் வேறு மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வருகிறாள். பூனை போன்ற முகம். ஐரீனாவைப் பார்த்து அவள் தாய்மொழியில் 'என் சகோதரி' என்கிறாள். அவ்வளவுதான், போய்விடுகிறாள். ஐரீனா வெலவெலத்துச் சிலுவைக் குறி போட்டுக்கொள்கிறாள். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில், அதுவும் கல்யாண நாளில், உன்னை எனக்குத் தெரியும் என்று ஒருத்தி வந்து சொன்னால் எப்படி இருக்கும்! அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

அன்றிரவு ஐரீனாவும் கணவனும் ஒரே கதவின் இரண்டு பக்கம். அவள் தரையில் மண்டியிட்டுக் கைப்பிடியைத் தொடுகிறாள், திறக்க முடியவில்லை. இந்தப் படத்தில் பெண்ணுக்குப் பெண் என்ற உறவு எதுவும் கதையாக இல்லை என்பது சரிதான். ஆனால் தன் ஆசை எதையோ எழுப்பிவிடும் என்று அஞ்சிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணை எனக்குப் புரிகிறது.

ஒன்று கவனித்தீர்களா? ஸலெஸ்கா மனநல மருத்துவரிடம் போகிறாள், ஐரீனாவும் போகிறாள். ஸலெஸ்காவின் டாக்டர், ஆசைக்கு நேராக நின்று எதிர்த்துப் பார் என்கிறார். குடிகாரனைப் பாட்டிலோடு ஓர் அறையில் அடைத்துக் குணப்படுத்துவது மாதிரி. அதை நம்பித்தான் அவள் லில்லியை வரவழைக்கிறாள். ஐரீனாவின் டாக்டரோ உன் கதையெல்லாம் கற்பனை என்று சொல்லிக் கட்டாயமாக முத்தமிடுகிறார். இரண்டு சிகிச்சையும் சாவில் முடிகின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973இல். அதற்கு முப்பது, நாற்பது வருடம் முந்தைய படங்கள் இவை.

எனக்கு மிகப் பிடித்தது 'தி ஹான்டிங்' (1963). கிளேர் புளூம் நடித்த தியோ. பெண் துணையோடு வாழ்ந்தவள் என்பதைக் காட்டும் காட்சி ஒன்றை எடுத்துப் பிறகு வெட்டிவிட்டார்கள், ஆனாலும் தெரிகிறது. தியோ யாரையும் வேட்டையாடுவதில்லை, ரத்தம் குடிப்பதில்லை. நன்றாக உடுத்துகிறாள், கூர்மையாகப் பேசுகிறாள், அந்தப் பேய் வீட்டில் உடன் தங்கும் எலினார்மேல் அக்கறை வைக்கிறாள். இயற்கையின் தவறு என்று எலினார் அவளை முகத்துக்கு நேரே சொல்லும்போது அவள் முகம் வாடுகிறது. கடைசியில் உயிரோடு வெளியே வருகிறாள். அந்த ஒன்றுக்காகவே அந்தப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

இருட்டில் எலினார் ஒரு கையைப் பற்றிக்கொண்டு பயத்தில் கிடக்கிறாள், தியோவின் கை என்று நினைத்து. விளக்கு எரிகிறது. தியோ அறையின் மறுகோடியில் படுத்திருக்கிறாள். உலகமே பேசும் காட்சிதான். நான் அதில் பார்ப்பது, பயந்தவுடன் எலினார் யார் கையைத் தேடினாள் என்பதை.

மறுபக்கம்

தாழ்வாரம் சொன்ன தணிக்கை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். 'டிராகுலாஸ் டாட்டர்' பற்றி இனி வாதாட மாட்டேன்.

ஆனால் இன்னொரு சங்கடம் இருக்கிறது, அது இப்போது இன்னும் கூடிவிட்டது. இந்த ஈர்ப்பெல்லாம் இருப்பது யாரிடம்? பேயிடம், காட்டேரியிடம், கொலைகாரனிடம். ஸலெஸ்கா அம்பு பட்டுச் சாகிறாள். பிரிட்டோரியஸ் வெடித்துச் சிதறும் கோபுரத்தோடு சாகிறார். இப்படிப்பட்டவர்கள் ஆபத்தானவர்கள், செத்தால்தான் ஊர் நிம்மதி அடையும் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்திய படங்கள் அல்லவா இவை? இவற்றை நாம் கொண்டாடலாமா?

பழையரீல்

அந்தப் பாடம் நடந்தது, மறுக்கவே முடியாது. லண்டன் பெண்களை டிராகுலாவின் மகளிடமிருந்து காப்பாற்றுங்கள் என்றுதான் அந்தப் படத்தை விளம்பரமே செய்தார்கள். திரைப்பட வரலாற்றாசிரியர் வீட்டோ ரூஸோ 1981இல் வெளியிட்ட நூலில், ஹாலிவுட் இப்படிப்பட்ட பாத்திரங்களை எத்தனை விதமாகக் கொன்றது என்று பட்டியலே போட்டிருக்கிறார். படித்தால் ஆத்திரம் வரும், வர வேண்டும்.

நிழலோரம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். @மறுபக்கம் கேட்டதற்கு என் அனுபவத்திலிருந்து சொல்லலாம் என்று தோன்றியது.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது 'ஃபிரைட் நைட்' (1985) பார்த்தேன். அப்போது என்னைப் பற்றி எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. பள்ளியில் என் நடையைப் பார்த்துச் சிரிப்பார்கள், தள்ளிவிடுவார்கள். அந்தப் படத்தில் எட் என்று ஒரு பையன் வருவான். எல்லோரும் கேலி செய்யும் பையன். ஜெர்ரி என்ற காட்டேரி அவனை ஒரு சந்தில் மடக்குகிறான். கடிக்கப் போகிறான் என்று பார்த்தால், மெதுவாகப் பேசுகிறான். வித்தியாசமாக இருப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், இனி யாரும் உன்னை அடிக்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன், என் கையைப் பிடி, அது போதும் என்கிறான். எட் அழுதுகொண்டே கையை நீட்டுகிறான். காட்டேரி தன் மேலங்கிக்குள் அவனை அணைத்துக்கொள்கிறது.

அது ஏமாற்று என்று எனக்கும் தெரியும். ஆனால் அதுவரை என் வாழ்க்கையில் அந்த வார்த்தைகளை யாரும் சொன்னதில்லை. ஒரு காட்டேரி சொல்லித்தான் முதலில் கேட்டேன்.

அதோடு முடியவில்லை. பின்னால் எட் ஓநாயாக மாறி, மார்பில் கட்டை பாய்ந்து சாகிறான். சட்டென்று செத்து விழுவதில்லை. நெடுநேரம் துடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மனித உருவத்துக்குத் திரும்புகிறான். அவனைக் கொன்ற பீட்டர் வின்சென்ட் பக்கத்திலேயே நின்று பார்த்துக் கண்கலங்குகிறார். ராடி மெக்டோவல் நடித்தது. அந்த வயதானவரின் முகத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எட் போன்ற ஒருவன் சாகும்போது ஒருவராவது அழுகிறாரே என்று.

கொண்டாடலாமா என்று கேட்டீர்கள் நண்பரே. கொண்டாட்டமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது வேறு படம் எதுவும் இல்லை.

பூனைநடை

@நிழலோரம், இதை எழுதியதற்கு நன்றி. வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

காட்டேரிநேசன்

அதே 1985இல் வந்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' இரண்டாம் பாகத்தையும் சொல்லியாக வேண்டும். எனக்குள் ஒருவன் புகுந்து வெளியே வரப் பார்க்கிறான் என்று பயந்து, நாயகன் ஜெஸ்ஸி தன் நண்பன் க்ரேடியின் அறைக்கு ஓடுகிறான். உள்ளோட்டம் யாருக்கும் தப்பாது. ஆனால் எழுதிய டேவிட் சாஸ்கின் பல ஆண்டுகள், அது கதையில் இல்லை, நடித்த மார்க் பேட்டன் நடித்த விதத்தால் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த நாட்கள். பேட்டன் தன்பாலீர்ப்பாளர், அதை வெளியே சொல்ல முடியாத நிலை. சினிமாவையே விட்டுவிட்டுப் போனார். வேண்டுமென்றேதான் எழுதினேன் என்று சாஸ்கின் ஒப்புக்கொண்டது வெகு காலம் கழித்துத்தான். 2019இல் வந்த ஆவணப்படத்தில் பேட்டனே இதையெல்லாம் பேசியிருக்கிறார்.

எழுதியவர் இல்லை என்று சொல்லிவிட்டார், அதோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாததற்கு இந்தப் படம்தான் காரணம். இல்லை என்று சொல்வதற்கும் காலம் ஒரு காரணம் கொடுக்கும்.

மறுபக்கம்

நிழலோரம், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் கேட்ட விதத்தில் கொஞ்சம் கடுமை இருந்திருக்கலாம், மன்னியுங்கள்.

நேற்றிரவு 'தி ஓல்ட் டார்க் ஹவுஸ்' போட்டுப் பார்த்தேன். வருடக்கணக்காகி இருந்தது. மார்கன் படியேறும் காட்சி நீங்கள் எழுதியபடியேதான் இருக்கிறது, அதை நட்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று என்னை உலுக்கிவிட்டது. மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒருத்தியான மார்கரெட் நனைந்த உடை மாற்றுகிறாள். அந்த வீட்டுக் கிழவி ரெபெக்கா அறையைவிட்டுப் போகாமல் நிற்கிறாள். இளம் வயதில் செத்துப்போன அழகான தங்கையைப் பற்றிப் பேசுகிறாள், பாவம், நரகம் என்று திட்டுகிறாள். பிறகு மார்கரெட்டின் பட்டு உடையைத் தொட்டு, இது நல்ல துணி, ஆனாலும் மக்கிவிடும் என்கிறாள். அடுத்து அவள் மார்பின் மேலேயே கையை வைத்து, இது அதைவிட நல்லது, இதுவும் மக்கிவிடும் என்கிறாள். அந்தக் கை அங்கே போனது வெறும் வெறுப்பால் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தன்னையே தடுத்து வைத்திருந்த ஒரு கை அது. 1932இல் எப்படி இதை எடுத்தார்கள்?

அந்த மாடியறைக் கிழவர் சர் ரோடரிக், 102 வயது என்கிறார்களே, அந்தக் குரல் எனக்கு என்னவோ போல இருந்தது. யார் நடித்தது?

இரவுக்காட்சி

ரெபெக்காவை நான் இதுவரை அப்படிப் பார்த்ததில்லை. இன்றிரவே மறுபடி பார்க்கிறேன்.

சர் ரோடரிக்காக நடித்தவர் எல்ஸ்பெத் டட்ஜன் என்ற நடிகை. ஆணாகத் தாடி ஒட்டி நடிக்கவைத்து, பெயர்ப் பட்டியலில் ஜான் டட்ஜன் என்று போட்டார் வேல். அந்த வீட்டின் மூத்த ஆணே ஒரு பெண்.

இன்னொன்று சொல்ல வேண்டும், நீங்கள் முதலில் ஹாரிங்டனின் பேச்சை எடுத்ததிலிருந்தே மனதில் இருக்கிறது. இந்தப் படம் நெடுங்காலம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. வேல் 1957இல் இறந்துவிட்டார். அதன் பிறகும் விடாமல் ஸ்டுடியோவை நச்சரித்து, 1968இல் நெகட்டிவைத் தேடிக் கண்டுபிடிக்க வைத்தவர் அதே கர்டிஸ் ஹாரிங்டன்தான். வேலின் படங்களை நாம் இப்படி வாசிப்பதை அவர் ஏற்கவில்லை. ஆனால் மார்கன் சாலின் உடலைத் தூக்கிக்கொண்டு படியேறுவதை நேற்றிரவு நீங்கள் பார்க்க முடிந்தது அவரால்தான்.